கல் போனபின் எது மாலை?

1998ஆம் ஆண்டு, லண்டனில் பழைய நகை விற்கும் ஒரு கடை. கார்ட்டியே நிறுவனத்துக்காக அதன் பழைய படைப்புகளைத் தேடிச் சேர்த்துவந்த எரிக் நுஸ்பாம் அங்கே சில பிளாட்டினச் சங்கிலிகளைக் கண்டார். பெரிய கற்கள் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. நடுவில் தொங்க வேண்டிய மஞ்சள் வைரம் இல்லை. அதற்குத் துணையாக நிற்க வேண்டிய பெருவைரங்கள் இல்லை, பர்மா மாணிக்கங்களும் இல்லை. மிஞ்சியது கூடு மட்டும். ஆனால் அது எந்த மாலையின் கூடு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்காக கார்ட்டியே பாரிஸில் 1928இல் செய்து முடித்த மாலை அது. காணாமல்போய் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கார்ட்டியே அந்தக் கூட்டை வாங்கியது. சுமார் நான்கு ஆண்டுகள் வேலை நடந்தது. தொலைந்த கற்களின் இடத்தில் செயற்கை வைரங்களையும் சிர்கோனியாக் கற்களையும் பதித்தார்கள். நடுவைரத்தின் இடத்தில் அதே அளவில், அதே நிறத்தில் ஒரு நகலை வைத்தார்கள். இன்று அது ‘பாட்டியாலா மாலை’ என்ற பெயரில்தான் வழங்குகிறது.

அது பாட்டியாலா மாலைதானா?

நகைப்பிரியர்களின் சந்தேகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு பொருள் எதனால் அந்தப் பொருளாக இருக்கிறது, உறுப்புகள் போனபின் எது மிஞ்சுகிறது என்ற கேள்வி இந்திய மெய்யியலில் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாதிடப்பட்டுவருவது. தேர், பானை, துணி, பொன் என்று கைக்கு எட்டிய பொருள்களை வைத்துத்தான் அந்த வாதங்கள் நடந்தன. அவற்றை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பொருள் நம் காலத்தில் கிடைப்பது அரிது.

முதலில் மாலையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். பூபிந்தர் சிங் ஒன்பது வயதில் பட்டத்துக்கு வந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர். அதே 1911இல் டெல்லி தர்பாரையொட்டி ஜாக் கார்ட்டியே இந்தியாவுக்கு வந்தார். முத்து வாங்குவதும் சமஸ்தானங்களின் அறிமுகம் தேடுவதும் அவர் வந்த நோக்கம். அதன்பின் அரண்மனைக் கருவூலங்களில் கிடந்த கற்கள் பாரிஸுக்குப் பயணமாகி, பிளாட்டினத்தில் பதிந்து, புது நகைகளாகத் திரும்பத் தொடங்கின. 1925இல் பாட்டியாலாவின் கற்களும் கார்ட்டியேயின் கைக்குப் போயின. மூன்று ஆண்டுகள் கழித்து வேலை முடிந்தபோது மாலையில் 2,930 வைரங்கள் இருந்தன, மொத்தம் 962.25 காரட். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் வைரம் மட்டும் சுமார் 24 சவரன் எடை. நடுவில் தொங்கிய ‘டி பீர்ஸ்’ மஞ்சள் வைரம் 234 காரட்டுக்கும் சற்று அதிகம். அந்த ஒற்றைக் கல்லே கிட்டத்தட்ட ஆறு சவரன். 1888இல் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் தோண்டியெடுத்த கல் அது. மறு ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் மக்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். மற்ற ஏழு பெரிய வைரங்கள் ஒவ்வொன்றும் 18 காரட்டிலிருந்து 73 காரட் வரை.

மகன் யாதவீந்திர சிங்கும் அந்த மாலையை அணிந்தார், புகைப்படம் இருக்கிறது. 1948 வாக்கில், பாட்டியாலா சமஸ்தானம் ‘பெப்சு’ ஒன்றியத்தில் இணைந்த காலத்தில், மாலை கருவூலத்தில் இல்லாமல் போனது. 1982இல் ஜெனீவாவில் நடந்த சோத்பிஸ் ஏலத்தில் டி பீர்ஸ் வைரம் மட்டும் தனியாக வந்தது. பிறகு, 1998இல், கூடு.

பாட்டியாலாவுக்கு வடமேற்கே, இன்று பாகிஸ்தானில் இருக்கிற சியால்கோட் ஒரு காலத்தில் சாகலம் என்று பெயர் பெற்ற தலைநகரம். கிரேக்க வழிவந்த மன்னன் மெனாண்டர், பாலி மொழியில் மிலிந்தன், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்டான். அவனுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல்தான் ‘மிலிந்த பஞ்ஹா’. அதில் துறவி அரசனிடம் கேட்கிறார்: நடந்து வந்தாயா, தேரில் வந்தாயா? தேரில் வந்தேன் என்கிறான் அரசன். அப்படியானால் தேர் எது என்று காட்டு. ஏர்க்கால் தேரா? இல்லை. அச்சு? இல்லை. சக்கரம், நுகம், கடிவாளம்? இவை எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்த குவியலா? அதுவும் இல்லை. இவற்றை விட்டு வேறாக ஒன்றா? அதுவும் இல்லை. அப்படியென்றால் தேரே இல்லையா, பொய் சொன்னாயா என்று துறவி மடக்க, அரசன் தானே விடைக்கு வந்துசேர்கிறான்: இந்த உறுப்புகளைச் சார்ந்து, வழக்கில் ‘தேர்’ என்ற பெயர் நிற்கிறது. நாகசேனர் ஏற்றுக்கொள்கிறார். தம் பெயரும் அப்படியே, தலைமயிர் முதல் மூளை வரை எதிலும் ‘நாகசேனர்’ என்று ஒருவர் ஒளிந்திருக்கவில்லை என்கிறார்.

பஞ்சாபின் ஒரு மன்னனிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி பஞ்சாபின் இன்னொரு மன்னனின் மாலைக்கும் பொருந்துகிறது. டி பீர்ஸ் வைரமா பாட்டியாலா மாலை? மாலை உருவாவதற்கு நாற்பது ஆண்டு முன்பே அந்தக் கல் இருந்தது. சங்கிலியா? அது வெறும் கூடு என்றுதானே சொன்னோம். கார்ட்டியேயின் வரைபடமா? வரைபடத்தைக் கழுத்தில் போட முடியாது. நாகசேனரின் வழியில் போனால், உறுப்புகளைச் சார்ந்து நின்ற ஒரு பெயர் அது; உறுப்பு மாறினாலும் வழக்கம் தொடரும்வரை பெயரும் தொடரும்.

தருக்கவாதிகள் இதை ஏற்க மாட்டார்கள். நையாயிகர்களும் வைசேடிகர்களும் முழுமை என்பது உறுப்புகளின் கூட்டத்துக்கு மேலாக உண்மையிலேயே இருக்கிற ஒன்று என்று வாதிட்டார்கள். அவயவங்களில் உறைகிற அவயவி. வஞ்சி மாநகரில் மணிமேகலை கேட்டறிந்த சமயவாதிகளின் வரிசையிலும் ஒரு வைசேடிகவாதி இருக்கிறான். முழுமைக்கு இவ்வளவு கெட்டியான இருப்பைத் தந்ததால் அவர்கள் ஒரு கடினமான முடிவையும் ஏற்க வேண்டியிருந்தது. ஓர் உறுப்பு விலகினாலும் பழைய அவயவி அழிகிறது, மிஞ்சிய உறுப்புகளிலிருந்து புதிய அவயவி ஒன்று பிறக்கிறது. அவர்கள் கணக்கில், அரண்மனையிலோ வேறெங்கோ யாரோ ஒருவர் முதல் கல்லை நெம்பி எடுத்த அந்த நொடியே பாட்டியாலா மாலை முடிந்துவிட்டது. லண்டனில் கிடைத்தது வேறு பொருள். பாரிஸில் மீட்கப்பட்டது மூன்றாவது ஒன்று.

கேட்பதற்கு மிகையாகத் தோன்றினாலும், இழப்பை இழப்பென்றே சொல்லும் நேர்மை இந்தக் கட்சியில் இருக்கிறது. நாகசேனரின் விடை அறிவுக்கு இதமானது. ஆனால் பறிபோன கற்களுக்காக அது துக்கப்படுவதில்லை.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு, அதுதான் தமிழ் வீடுகளில் நன்றாக வேரூன்றியது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார்: ஒரு மண்ணாங்கட்டியை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாம் அறியப்படும், ஒரு பொன்கட்டியை அறிந்தால் பொன்னால் ஆன எல்லாம் அறியப்படும், உருவங்கள் பெயரளவே. வளையலும் மோதிரமும் வேறு வேறாகத் தோன்றினாலும் பொன் ஒன்றே என்று அத்வைத ஆசிரியர்கள் இதை விரித்தார்கள். வேதாந்தம் படிக்காத வீடுகளிலும் இதுதான் நடைமுறை. பாட்டியின் அட்டிகையை அழித்துப் பேத்திக்கு வளையல் செய்கிறார்கள். கல்லை எடுத்துவிட்டு, பொன்னை உருக்கி, எடை பார்த்து, குறைந்ததற்குப் பணம் சேர்த்துப் புதிதாக வாங்கி வருகிறார்கள். பேத்தி கையை நீட்டி ‘இது பாட்டி நகை’ என்கிறாள். பொய் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. அட்டிகை போய்விட்டது, ஆனால் பாட்டி கொடுத்த பொன் இருக்கிறது. அந்தப் பழைய நகையைச் செய்த ஆசாரியின் கைவேலைக்கு மட்டும் கடைக்காரர் ஒரு காசு தருவதில்லை. செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போது உண்டு, திரும்பப் போடும்போது இல்லை. அந்தக் கல்லாவில் நிற்கிறவர் உத்தாலகரின் மாணவரே.

பழைய கார்ட்டியே, வான் கிளீஃப், புல்கரி நகைகளின் உலகம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. அங்கே பொன்னின் விலை சிறு பகுதிதான், செய்கூலிதான் பெரும்பகுதி. அழித்துச் செய்தால் எல்லாம் போயிற்று. 1969இல் கார்ட்டியேயின் நியூயார்க் கிளைக்காக ஆல்டோ சிப்புல்லோ வடிவமைத்த ‘லவ்’ வளையலை உருக்கினால் மிஞ்சுவது 18 காரட் பொன், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். அதை எந்தச் சந்திலும் விற்கலாம். காதலரின் கையில் திருப்புளி கொண்டு முடுக்கிப் பூட்டும் அந்த நகைக்குத் தரும் விலையை உருக்கிய கட்டிக்கு யாரும் தர மாட்டார்கள். 1950களில் வான் கிளீஃப் அன்ட் ஆர்பெல்ஸ் செய்த ‘ஜிப்’ மாலை இன்னும் தெளிவான பாடம்: பொன்னால் ஆன ஜிப்பைத் திறந்தால் கழுத்துக்கு மாலை, இழுத்து மூடினால் கைக்கு வளை. ஒரே பொன், ஒரே கற்கள், இரண்டு பெயர். நாகசேனர் பார்த்திருந்தால் தேரை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டிருப்பார்.

பெயரும் பொன்னும் எப்படிப் பிரியக்கூடும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று கிடைத்தது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. பெரும்பாலான காசுகளில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. நாணயமாக அது இனிச் செல்லாது, பொன்னாகச் செல்லும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அதே ரோம நகரில், 1884இல் தொழில் தொடங்கிய புல்கரி குடும்பம் 1960களிலிருந்து பழைய ரோம, கிரேக்கக் காசுகளைத் தடித்த பொன் சங்கிலிகளில் பதித்து விற்றது. காசின் பின்புறத்துப் பொன் சட்டத்தில், அது எந்தப் பேரரசனின் காசு என்று பெயரைச் செதுக்கினார்கள். ஒரு கை பெயரை வெட்டிப் பொன்னைக் காத்தது, இன்னொரு கை பொன்னில் பெயரைக் காத்தது. இரண்டுமே காசைக் காசாக இருக்கவிடவில்லை.

இதுவரை வந்த மூன்று கட்சிகளும் பொருளுக்குள்ளேயே விடை தேடுகின்றன. கல்லிலா, வடிவிலா, பொன்னிலா என்பதுதான் வழக்கு. நடிகை எலிசபெத் டெய்லரின் பதக்கம் இந்த எல்லையைக் கடந்துபோகிறது. இதய வடிவில், மேற்பரப்பு தட்டையாகத் தீட்டப்பட்ட ஒரு வைரம். அதில் முகலாயப் பேரரசி நூர்ஜஹானின் பெயர் பாரசீக எழுத்தில், ஹிஜ்ரி 1037 என்ற ஆண்டுடன் இருக்கிறது. ‘தாஜ்மஹால் வைரம்’ என்பது அதன் பெயர். பட்டுக் கயிற்றில் தொங்கிய அதற்கு கார்ட்டியே 1970களின் தொடக்கத்தில் மாணிக்கம் பதித்த பொன் சங்கிலி செய்தது. 1972இல் டெய்லரின் நாற்பதாவது பிறந்தநாளுக்குக் கணவர் ரிச்சர்ட் பர்ட்டன் அதை வாங்கிக் கொடுத்தார். டெய்லர் இறந்தபின், 2011 டிசம்பரில், நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் அதை ஏலம் விட்டபோது 88 லட்சம் டாலர் வந்தது. பிறகு சிக்கல் தொடங்கியது. வைரம் முகலாயர் காலத்ததுதான் என்பதற்கு உறுதியில்லை என்று சொல்லி வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டார். ஏல நிறுவனம் விற்பனையை ரத்து செய்தது. டெய்லரின் அறக்கட்டளை நீதிமன்றம் போனது.

இந்தப் பதக்கத்தில் ஒரு கல்கூட உதிரவில்லை. ஒரு கண்ணி அறுபடவில்லை. ஏலத்துக்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ, மறுநாளும் அப்படியே இருந்தது. மாறியது அதைப் பற்றி உண்மை என்று நம்பப்பட்ட ஒரு கூற்று மட்டும். உறுப்புகள் எல்லாம் இருந்தும் ஒரு நகை தள்ளாடுகிறது. உறுப்புகள் பெரும்பாலும் போயும் இன்னொன்று பெயரோடு நிற்கிறது. அப்படியானால் நகை எது என்பது பொன்னையும் கல்லையும் மட்டும் பொறுத்ததாக இருக்க முடியாது. அதைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா என்பதையும் பொறுத்தது.

பாரிஸ் சீமாட்டி டெய்ஸி ஃபெல்லோஸ் அணிந்த ‘இந்து மாலை’ இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 1936இல் கார்ட்டியே பாரிஸில் அவருக்காகச் செய்தது. இந்தியாவில் இலையும் பூவுமாகச் செதுக்கிய மரகதங்கள், மாணிக்கங்கள், நீலக்கற்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் நகை. அவற்றில் பல, அவரிடம் ஏற்கெனவே இருந்த நகைகளை அழித்து எடுத்த கற்கள். நம் ஊர் மாலைகளைப்போலப் பின்கழுத்தில் கயிற்றால் கட்டும்படி அமைத்திருந்தார்கள். அவர் மறைந்தபின், 1963இல், மகளுக்காக கார்ட்டியேயே அதைத் திருத்தியது; கயிற்றுக்குப் பதில் கொக்கி வந்தது. 1991இல் ஜெனீவாவில் அது பெருந்தொகைக்கு ஏலம் போனது, இன்று கார்ட்டியேயின் சேகரிப்பில் இருக்கிறது. மாறிய நகை என்று யாரும் அதைத் தள்ளவில்லை. எப்போது, யாருக்காக, எது மாறியது என்பது பதிவாகியிருக்கிறது. மாற்றம் மறைக்கப்படவில்லை, ஆகவே அது நகையின் வரலாறாகவே ஆகிவிட்டது.

பழைய நகை வணிகத்தில் இருப்பவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கமும் தெரியும். ஒரு சங்கிலியின் கொக்கியைத் திருப்பிப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறார்கள். பிரெஞ்சுப் பொன் என்றால் கழுகுத் தலை முத்திரை இருக்க வேண்டும். பக்கத்தில் சாய்சதுரக் கட்டத்துக்குள் பட்டறையின் அடையாளம், பிறகு நிறுவனத்தின் பெயர், ஒரு வரிசை எண். எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் கொக்கியும் முதல் கண்ணியும் சேரும் இடத்தில் பொடி வைத்து ஊதிய தடம் தெரிகிறது, அங்கே பொன்னின் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கிறது. பெயர் உள்ள கொக்கி ஒரு நகையுடையது, பெயரில்லாத சங்கிலி இன்னொன்றுடையது. இரண்டும் பழையவை, இரண்டும் தரமான பொன், கொக்கியில் இருக்கும் கையெழுத்தும் அசல். சேர்ந்தபின் அது பொய். பாட்டியாலா மாலையில் சிர்கோனியாக் கல் இருக்கிறது, ஆனால் அதில் பொய் இல்லை. இந்தச் சங்கிலியில் போலி என்று எடுத்துக்காட்ட ஒரு குன்றிமணி எடைகூட இல்லை, ஆனால் முழுதும் பொய்.

வள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் வைத்தார். மனிதர் பேச்சைப் பற்றிய அறம் அது. செய்பொருளுக்கும் அதை நீட்டலாம் என்றே தோன்றுகிறது. நீட்டாவிட்டால் மேலே சொன்ன இரண்டு நகைகளுக்கும் நடுவே இருக்கிற வேறுபாட்டை எந்த உரைகல்லாலும் காட்ட முடியாது.

சிலப்பதிகாரம் இதன் மிகக் கொடிய வடிவத்தைச் சொல்லிவைத்திருக்கிறது. இரண்டு சிலம்புகள் புறத்தே ஒன்றுபோல. ஒன்றின் உள்ளே முத்து, இன்னொன்றின் உள்ளே மாணிக்கம். பொற்கொல்லன் ஒரு பொய்யைச் சொல்லி ஒரு நகையின் அடையாளத்தை மாற்றினான். கோவலன் உயிர் போனது. உண்மையை மீட்கக் கண்ணகி சிலம்பை உடைத்தாக வேண்டியிருந்தது. அது யாருடைய சிலம்பு என்று நிலைநாட்டப்பட்ட நொடியில் அது சிலம்பாக இல்லாமல் போயிற்று. உறுப்புகளையும் வடிவையும் மட்டும் பேசுகிற எந்தத் தருக்கமும் மதுரையின் அந்த அவையில் நடந்ததை விளக்காது.

நகைக்கு வாய்மை உண்டு என்றால் அதை எழுதிவைப்பதும் அறமாகிறது. இதை முதலாம் இராசராசன் காலத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவனும் தமக்கை குந்தவையும் கொடுத்த நகைகளைக் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்ற கல், நகைகளை நிறுக்க ‘தட்சிணமேருவிடங்கன்’ என்ற கல். முத்து எத்தனை, எந்த வகை என்று எழுதினார்கள். கோத்த சரடு எடையில் சேர்ந்ததா இல்லையா, உள்ளே வைத்த அரக்கு சேர்ந்ததா என்றும் எழுதினார்கள். கற்களின் குறையையும் விடவில்லை. துளையுள்ளது, வெட்டுள்ளது, வெண்புள்ளியுள்ளது என்று கடவுளுக்குக் கொடுத்த பொருளின் பழுதைக் கோயில் சுவரில் பொறித்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும்போது அந்த நேர்மை நெஞ்சைத் தொடுகிறது.

அந்த நகைகள் இன்று இல்லை. பதிவு மட்டும் இருக்கிறது. ஆகவே வாய்மை ஒன்றே போதும், பொருள் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. யாரும் அந்தச் சுவரைத் தடவி ‘இதோ குந்தவையின் நகை’ என்று சொல்வதில்லை. உண்மையான சொல் பற்றிக்கொள்ள ஏதாவது ஒரு கண்ணியாவது மிஞ்ச வேண்டும். லண்டனில் கிடைத்த சங்கிலிகளின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. கார்ட்டியே பழைய படங்களைப் பார்த்து ஒரு நகலைப் புதிதாகவே செய்திருக்கலாம், வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரிந்திருக்காது. ஆனால் 1928இல் பட்டறையில் வளைத்த அந்தப் பிளாட்டினம் வந்த பிறகுதான் ‘மீட்டார்கள்’ என்ற சொல்லுக்குத் தகுதி வந்தது.

கோயில் மரபு இதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்கும்முன் பாலாலயம் செய்கிறார்கள். மூர்த்தியின் சக்தியைக் கலசத்திலோ பலகையிலோ எழுந்தருளச் செய்து, வேலை முடிந்து குடமுழுக்கின்போது மறுபடி மூலவரிடம் சேர்க்கிறார்கள். நடுவில் கல் மாறலாம், சுதை மாறலாம், விமானமே மாறலாம். தொடர்ச்சி அறுபடாதபடி அதைச் சாட்சிகளின் முன்னால் கைமாற்றுகிறார்கள். சிவாசாரியார்களுக்கு உறுப்பா முழுமையா என்ற வாதம் தேவைப்படவில்லை, ஒப்படைப்பு தேவைப்பட்டது.

பாட்டியாலா மாலைக்கு இல்லாமல்போனது அந்த ஒப்படைப்புதான். கருவூலத்திலிருந்து லண்டன் கடைவரை ஐம்பது ஆண்டுகள் யார் கை மாறி யார் கைக்குப் போனது என்பதற்கு வெளியே தெரிந்த சாட்சி இல்லை. மீட்பு எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் அந்த இடைவெளியை அது நிரப்பாது. அந்தக் கற்கள் ஒரு மன்னனின் தனிச்சொத்தா, அவன் ஆண்ட மக்களின் உழைப்பா என்ற கேள்வி அதற்கும் முந்தையது. 1928இலேயே கேட்டிருக்க வேண்டியது. இன்று பஞ்சாபில் எழுகிற ஆற்றாமையில் இரண்டும் கலந்திருக்கின்றன. 2022 மெட் காலா விழாவில் அமெரிக்க இணையப் பிரபலம் எம்மா சேம்பர்லின், பூபிந்தர் சிங்குடையது என்று சொல்லப்படும் இன்னொரு கழுத்தணியைப் போட்டு வந்தபோது இந்தியாவில் பலருக்குக் கோபம் வந்தது. 2025இல் அதே விழாவுக்குப் பாடகர் தில்ஜித் தோசாஞ் தலைப்பாகையோடு, முதுகில் பஞ்சாபின் வரைபடமும் குர்முகி எழுத்தும் தைத்த அங்கியோடு வந்தார். கழுத்தில் பாட்டியாலா மாலையை நினைவூட்டும் நகை, புதிதாகச் செய்தது.

ஆக இப்போது மூன்று மாலைகள் கணக்கில் வருகின்றன. பழைய சங்கிலியும் புதிய கற்களும் கொண்ட ஒன்று கார்ட்டியேயிடம். பழையது எதுவுமே இல்லாத ஒன்று, ஆனால் பஞ்சாபிக் கழுத்தில் ஏறியது. மூன்றாவது இன்னும் பிறக்கவில்லை: எங்கெங்கோ சிதறியிருக்கிற அசல் கற்களை ஒருவர் தேடிச் சேர்த்து, பழைய படத்தைப் பார்த்து அதே வடிவில் கோத்தால் வருவது. ஏதென்ஸில் தீசியஸின் கப்பலுக்குப் பலகை மாற்றிக்கொண்டே வந்ததைப் பற்றி புளூட்டார்க் எழுதினார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அதைக் கூர்மையாக்கினார். அவருக்கு அது கற்பனை. இங்கே அது நடந்துவிடக்கூடிய காரியம்.

அப்படி நடந்தால், அல்லது டி பீர்ஸ் வைரம் மட்டுமாவது கார்ட்டியேயின் கதவைத் தட்டினால், நகலைக் கழற்றிவிட்டு அசலைப் பதிப்பார்களா? பெரும்பாலோர் உடனே ஆம் என்பார்கள். பதிப்பதில் தவறில்லை, ஆனால் கழற்றிய நகலை இழுப்பறையில் போட்டு மூடக் கூடாது. வைரம் அந்த மாலையில் இருந்தது 1928இலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள். நகல் அந்த இடத்தில் நின்றதும் இப்போது இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மாலை மீட்கப்பட்டபின் கண்காட்சிகளுக்கு வந்த மக்கள் நேரில் கண்டது அந்த நகல் தொங்கிய மாலையைத்தான். அதே கண்ணாடிப் பெட்டியில், மாலையின் பக்கத்திலேயே அதையும் வைக்க வேண்டும். அட்டையில் இரண்டு கற்களுக்கும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுத வேண்டும், நடுவில் தெரியாத ஐம்பது ஆண்டுகளையும் சேர்த்து.